சட்டைப்பையில் கிடந்த காந்தம்

பிள்ளைகளே, பிறந்தநாளுக்கு நீங்கள் வாங்கித் தந்த ஃபோன் கவரின் மூடி ஏன் இப்போது ஒட்டுவதில்லை என்று கேட்டீர்கள். நான் மழுப்பிவிட்டேன். காரணம் இதுதான்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தங்கச்சி ஒருத்தி வாடகைக்கு ஓடும் என் வானை ஹயருக்கு எடுத்தாள். மலைப்பக்கத்துக் கறுப்புப் பாறையில் துளையிட்டு, விரல் நீளக் கல்துண்டுகள் எடுப்பது அவள் வேலை. அந்தப் பாறை ஒருகாலம் உருகிக் கிடந்ததாம். ஆறும்போது அதற்குள் இருந்த இரும்புத் துணிக்கைகள் அன்றைய வடக்கைப் பார்த்தபடியே இறுகிவிட்டனவாம். அதை வைத்து, இந்தியாவோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக்கிடந்த எங்கள் நிலம் எப்படித் திரும்பி நகர்ந்தது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் கல்லை எடுக்குமுன் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று அளக்க வேண்டும். நான் திசைகாட்டியைப் பிடித்து இலக்கம் சொல்ல, அவள் எழுதி, கல்லிலும் துளை வாயிலும் ஒரே கோடு போட்டாள்.

"அண்ணா, இரும்புச் சாமான் ஒண்டும் கிட்ட வேண்டாம்."

சாவி, கைமணிக்கூடு, பாறை நெம்பும் அலவாங்கு எல்லாவற்றையும் தள்ளி வைத்தேன். ஃபோன் சட்டைப்பையிலேயே இருந்தது. தோல் கவர்தானே.

திரும்பும்போது கண்டி வீதியில் நெரிசல். அவள் பின்சீட்டில் நித்திரை. முன்சீட்டில் கிடந்த திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்தேன். ஊசி சட்டென்று மூடியின் பக்கம் திரும்பியது. எடுத்தேன், விலகியது. வைத்தேன், வந்தது. மூடி தானாக ஒட்டுவதற்கு உள்ளே காந்தம் வைத்திருக்கிறார்கள்.

கல்லுகள் அடுத்த நாள் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போகவிருந்தன. சொல்லாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சியே பிழையாகிவிடும். ஆற்றுப் பாலம் கடந்து நகரத்துக்குள் வந்தும் சொல்ல வாய் வரவில்லை. பம்பலப்பிட்டிச் சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் நின்றேன். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டினான். அவள் எழும்பிவிட்டாள்.

"தங்கச்சி, ஒரு பிழை விட்டிட்டன்."

"என்னண்ணா, ரோட்டை விட்டிட்டீங்களோ?"

"ரோட்டை இல்லை. வடக்கை."

ஃபோனை வைத்துக் காட்டினேன். வெள்ளவத்தையில் அவள் தங்கும் ஒழுங்கை வரும்வரை இலக்கம் எழுதிய கொப்பியைப் புரட்டிக்கொண்டு வந்தாள்.

இறங்கும்போது கேட்டாள்: "ஃபோன் பையில கிடக்க எத்தினை துளை அளந்தனீங்கள்?"

"எல்லாம்தான்."

"கல்லைத்தான் எடுத்தனாங்கள். துளை அங்கதானே இருக்கு, வாயில கோடும் போட்டிருக்கு. கல்லு அடுத்த கிழமை போகட்டும். நாளைக்குக் காலமை வெள்ளன வாங்கோ. அந்தச் சனியனை வீட்டில வச்சிட்டு வாங்கோ!"

மறுநாள் இரண்டு பேரும் திரும்ப அளந்தோம். இலக்கங்கள் மாறித்தான் வந்தன. ஒரு துளையில் நிறையவே.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வைத்துவிட்டுப் போன ஃபோனை எடுத்துக்கொண்டு வானுக்குத் திரும்பினேன். பிளேடால் கவர் மூடியின் தையலைப் பிரித்துக் காந்தத்தைக் கழற்றினேன். பிறகு சீட் தைக்கும் கறுப்பு நூலால் மூடியைத் திரும்பத் தைத்தேன். தையல் கோணல்தான்.