கேட்காமல் தைத்த காது

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். கொல்லிமலை அடிவாரத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரிடம் நான் நர்ஸாக இருந்தேன். பாம்படம் போட்டுத் தோள்வரை தொங்கும் காதை வெட்டித் தைத்து, தோடு போடும் அளவுக்குச் சின்னதாக்குவதில் அவர் பெயர் பெற்றவர். நீளக் காது நாகரிகக் குறைவு என்று பலரும் நினைக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

வருஷத்துக்கு இரண்டொரு தடவை காரவள்ளியிலிருந்து நடந்தே மலையேறி, மேலே வாசலூர்பட்டியில் தங்கி வைத்தியம் பார்ப்போம். அப்படிப் போயிருந்தபோது, மலைமேலுள்ள வளப்பூர் நாட்டுக்காரர் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அவளுக்கு இருபது வயதைத் தாண்டியிருக்கும்.

"கீழ சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா சிரிக்கறாங்க. காதைச் சின்னதாத் தெச்சு உட்ருங்க சாமி" என்றார். கூட வந்த மாமியாரும் அதையே சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரித்தபோது வடுகூடத் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

சில மாதங்களில் டாக்டருக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தது. தன் சம்மதமில்லாமல் காதை வெட்டியதாக அவளே வழக்குப் போட்டிருந்தாள். அவளுடைய அப்பா துணைக்கு நின்றார். டாக்டர் சிரித்தார். புருஷன் சொன்ன பிறகு வேறு யார் சம்மதம் வேண்டும் என்றார். எங்கள் வக்கீலுக்கு மட்டும் அது போதுமா என்று சந்தேகம்.

"டாக்டர் கேட்டாரு, அவ தலையாட்டினான்னு சொல்லிடும்மா, போதும்" என்றார் வக்கீல் என்னிடம். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கோர்ட்டில் முதலில் அவளை விசாரித்தார்கள். காது இப்போது நன்றாகத்தானே இருக்கிறது, உனக்கு என்ன நஷ்டம் என்று எங்கள் வக்கீல் கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டாங்க, அத்தைகிட்டக் கேட்டாங்க. காது என்னுதுங்களே, எங்கிட்ட ஆருமே கேக்கலீங்க."

அடுத்து நான். தலையாட்டினாளா என்று வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. அழுதுச்சு. டாக்டர் அதுகிட்ட ஒண்ணும் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டேன்.

உயிருக்கு ஆபத்தில்லாத, அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்குப் புருஷனின் சம்மதம் போதாது. வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பொறுப்பு டாக்டருடையதே என்று தீர்ப்பானது. நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னார்கள்.

மறுநாள், வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலை போகவில்லை. ஆனால் வெகுநாள் வரை டாக்டர் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை. பிறகு, கல்யாணத்துக்கு நிச்சயமான தன் மகளைக் காது தைக்க ஒருவர் கூட்டிவந்தார். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம், "ஏங்கண்ணு, உனக்கு இது வேணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க" என்றாள் அவள். டாக்டர் கத்தியை எடுத்து வைத்துவிடச் சொன்னார்.

அதன்பின் எத்தனையோ ஆபரேஷன்களில் நின்றிருக்கிறேன். கூட வந்தவர்கள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், படுத்திருப்பவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் என் கை ஊசியைத் தொட்டதில்லை.