நாலாவது தோள்

ரங்கூனிலிருந்து ஆற்றைக் கடந்து டாலா படகுத்துறையில் இறங்கும்போது மழை வலுக்கிறது. எதிரே உள்ள இரும்புக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிறேன். முதலாளி வேலாயுதம் தரையில் குந்தி, மூங்கில் பாடையைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருக்கிறார். இங்குள்ள தமிழர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பர்மியர்கள் மரியாதைக்கு 'ஊ' சேர்த்து அவரை ஊ வேலு என்பார்கள்.

சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் ஒருவரின் தாய் இறந்துவிட்டார். மகன் கொள்ளிச்சட்டி ஏந்தி முன்னால் போக வேண்டும். பாடை தூக்க அண்டை வீட்டார் இருவரும் வேலாயுதமும்தான். இளவட்டங்கள் எல்லாம் மலேசியாவில் வேலை பார்க்கிறார்கள்.

வாசலில் ஒரு பர்மியர், வீட்டுக் கூரை முழுவதற்கும் தகரம் கேட்டு நிற்கிறார். மத்தியானம் வரச் சொல்லிவிட்டு வேலாயுதம் கதவை இழுத்துப் பூட்டுகிறார். பிறகு என்னை அளப்பதுபோல் பார்க்கிறார்.

"தமிழாளா? தோள்ல புண்ணு கிண்ணு இல்லையே?"

"மூட்டை தூக்கின தோளுங்கய்யா."

"அப்ப வா, தம்பி."

அவர் குள்ளம். பாடை சாயாமலிருக்கத் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துக்கொள்கிறார். சுடுகாடு வரை கணுக்கால் சேறு.

திரும்பும்போது, பக்கத்துக் கடைத் தகரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பர்மியர் எங்களைக் கடந்து போகிறார்.

"வியாபாரம் போச்சேய்யா."

"போனாப் போகுது. நாளைக்கு என்னையத் தூக்க அந்த ரெண்டு பேரு, இந்த ரிக்‌ஷாக்காரன், மூணுதான் ஆகுது. நீ எத்தனை நாள் இருப்ப?"

"காலையில கெளம்புறேன்."

"அப்ப மூணுதான்" என்று பூட்டைத் திறக்கிறார்.