வாயைத் திறக்காதே என்றவள்

இந்த ஊரில் வலிக்கு மார்க் போடுகிறார்கள். அயர்லாந்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. காலையில் கட்டில் கட்டிலாகப் போய், 'வலிக்கிறதா? பத்துக்கு எத்தனை?' என்று கேட்டு எழுத வேண்டும். போர்வை கால்விரலில் உரசியதற்கு ஏழு சொல்பவர்கள் உண்டு. தும்மினால்கூட ஊரைக் கூட்டும் சனம் என்று வந்த புதிதில் மனசுக்குள் திட்டுவேன். போகப்போக அந்த எரிச்சல் பொறாமையாகிவிட்டது. வலித்தால் வாயைத் திறந்து சொல்லலாம் என்று இவர்களுக்கு யாரோ சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் தங்கை தேசம்மாவுக்கு நான் வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தேன்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் சனத்துக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்போம். கை இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் பறி விழும். காலையிலிருந்து பட்ட பாடு தண்ணீரோடு போகும். மற்றவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். தேசம்மாவுக்குத்தான் தண்டனை. ஓயாத வாய் அவளுக்கு. பேச முடியாவிட்டால் பறியைக் கடித்துக்கொண்டே மூக்கால் பாடுவாள். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அம்மா அவளைப் பெருமையாகச் சொல்வாள்.

ஒரு நாள் கரையில் யாரோ ஒருவருடைய வேட்டியை நண்டு கவ்விக்கொண்டு விடவில்லை. அவர் குதித்த குதியைப் பார்த்துச் சிரித்து, அரைப் பறி இறாலைக் கோட்டைவிட்டாள் தேசம்மா. எனக்கு ஆத்திரம். மறுநாள் காலை தண்ணீரில் இறங்கும்போது சொன்னேன்: "இன்னிக்கு வாயத் தொறந்த, பல்லு பேந்துடும். கரையேர்ற வரைக்கும் உன்கிட்டருந்து ஒரு சத்தம் வரக் கூடாது." சரியென்று தலையாட்டினாள். இரண்டு மணி நேரம் பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. பரவாயில்லையே, திருந்திவிட்டாளே என்று நான் மெச்சிக்கொண்டேன். கரையேறியதும் நிறைந்த பறியை என் முன்னால் வைத்துவிட்டுக் கணுக்காலைக் காட்டினாள். ஊசி குத்தியதுபோல இரண்டு புள்ளி.

"இன்னாடி இது?"

"பாம்புக்கா. எறங்கன கொஞ்ச நேரத்துலயே."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி உனக்கு?"

"நீதானே வாயத் தொறக்காதேன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்பதுபோல என் முகத்தையே பார்த்தாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. கடல் தண்ணீரோடு ஏரிக்குள் வரும் கடல்பாம்பின் விஷம் தசையை இறுக்குமாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதே தாடை பூட்டிக்கொண்டது. ஆட்டோ திருப்பாலைவனம் தாண்டும்போது என் மடியில் கிடந்த தலை கனத்துப்போனது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

அதன் பிறகு அந்த ஏரியில் என்னால் கை வைக்க முடியவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பு படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, இங்கே வந்து சேர்ந்தேன். முன்னேறிவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். ஓடிவந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அம்மா என்னைப் பிடித்துவிடுவாள். சாப்பாடு, குளிர், முட்டிவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "நீ பக்கத்துலதானடி இருந்த. ஒரு கொரலு குட்த்திருந்தா ஓடியாந்திருப்பியே. ஏன்டி அது கொரலு குடுக்கல?" நானும் பதினோரு வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தேன். "தெரிலமா."

போன மாதம் நோரா என்கிற தொண்ணூறு வயதுக்காரி என் போனில் தேசம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு யாரென்று கேட்டாள். தங்கை, பாம்பு கடித்து இறந்துவிட்டாள், கத்தவே இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "ஹவ் பிரேவ்!" என்றாள் கண் கலங்க. நான் "நோ, நோ" என்றேன். அடக்கத்தால் மறுக்கிறேன் என்று நினைத்து என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் சாப்பாட்டுக் கூடம் முழுக்க அந்தத் தைரியசாலிப் பெண்ணின் கதைதான். அவளுக்காக மெழுகுவர்த்திகூட ஏற்றினார்கள். 'ஐ டோல்ட் ஹர்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். எனக்குத் தெரியாத சொற்களா அவை? நாக்கு எழவில்லை. எல்லோரும் என்னைத் தேற்றத் தேற்ற, அவள் வாயை நான் இன்னொரு முறை அடைப்பதுபோல இருந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போலக் கேட்டாள். சொல்லிவிட்டேன். "நான்தாம்மா வாயத் தொறக்காதேன்னன். அதுக்குதான் அது சொல்லல. கரையில என்கிட்ட அதான் சொல்லிச்சு." சொன்னால் பாரம் குறையும் என்று எந்த மடையன் சொன்னானோ. அந்தப் பக்கம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் லாரி ஒன்றின் ஹாரன் மட்டும் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"இத்தினி வருசம் மூடினு இருந்த இல்ல? அப்டியே இருந்திருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "நான் பாட்டுக்கு அந்தப் பாம்பத் திட்டினு இருந்தன். இனிமே யாரத் திட்டறது? இருக்கறது நீ ஒருத்தி."

அம்மா இப்போதும் போனை எடுக்கிறாள். சாப்பிட்டாயா என்கிறாள், நானும் கேட்கிறேன், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பழைய கேள்வியைக் கேட்பதில்லை. எப்போது ஊரோடு வந்துவிடுவாய் என்று நச்சரிப்பாளே, அதையும் விட்டுவிட்டாள். நேரில் போய்க் காலில் விழலாம் என்று லீவு கேட்டேன். உடனே கிடைத்தது. "கோயிங் ஹோம்?" என்று சூப்பர்வைசர் முகம் மலரக் கேட்டாள். "எஸ்" என்றேன். அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்றேன்.

"சரி" என்றாள். "வந்து நாலு நாளு இருந்துட்டுப் போ."