கசக்காத மருந்து

கசக்காத காய்ச்சல் மருந்து ஒன்றைச் செய்யப் பல வருஷமாக முயல்கிறேன். இன்று வினையூக்கியை மாற்றிப் பார்த்தேன். வந்த பொடியை நாக்கில் வைத்தேன். கசந்தது.

1910 வாக்கில், அம்பாசமுத்திரத்தில் தங்கை செல்லத்துக்குக் குளிர்காய்ச்சல். அந்நாளில் தபாலாபீசிலேயே விற்ற கொயினா மருந்துப் பொடியைக் கருப்பட்டியில் பொதிந்து கொடுக்க என்னிடம் சொல்லிவிட்டு அம்மா நடவுக்குப் போவாள்.

"வேண்டாம்ண்ணே, கசக்கு" என்று செல்லம் அழுவாள். மனசு கேட்காமல் பொடியை வாய்க்காலில் தட்டிவிட்டு, கருப்பட்டியை மட்டும் கொடுப்பேன்.

"மருந்தக் கொடுத்தியாலே?" என்பாள் அம்மா, திரும்பி வந்ததும்.

"கொடுத்தேம்மா."

எட்டாம் நாள் செல்லம் போய்விட்டாள்.

"அந்தக் கசப்ப விழுங்க வச்சே பிள்ளையக் கொன்னுட்டேன்" என்று அம்மா சாகும்வரை அழுதாள். செல்லம் அதை ஒரு வேளைகூட விழுங்கவில்லை என்று நான் சொல்லவேயில்லை.

நாக்கில் இருந்ததைத் துப்பாமல் விழுங்கினேன்.