ஆளுக்கு ஒரு கை

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து, பொன்னுத்தங்கத்தின் இரண்டு கைகளும் வெந்தது 2006 தீபாவளி சீசனில். வலது கையில்தான் புண் ஆழம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் இரண்டு பேர் அவளைத் தேடி வந்தார்கள். புண்ணில் சிவப்பு வெளிச்சம் பாய்ச்சும் மெஷின் விற்கிற காளீஸ்வரன் ஒருவன், மூலிகைத் தைலம் காய்ச்சி விற்கிற பெத்தணன் இன்னொருவன். ஆளுக்கு ஒரு கை, இலவச வைத்தியம். எந்தக் கை சீக்கிரம் ஆறுகிறது என்று மண்டபத்தில் கூட்டம் போட்டுக் காட்டுவார்களாம். தூ! உயிரோடு இருக்கிறவளைக் கறிக்கடையில் மாதிரி கூறு போட்டார்கள்.

எந்தக் கை யாருக்கு? மாமியார் மூக்கம்மாள் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் போட்டு ஆத்தாளிடம் வாக்குக் கேட்டாள். இடது கை தைலத்துக்கு, வலது கை வெளிச்சத்துக்கு என்று வந்தது.

இடது கை மளமளவென்று ஆறியது. வலது கை சீழ் பிடித்தது. மாமியார் ஊட்டிவிடும் சோற்றை வாயில் வாங்கும்போதெல்லாம் அந்த நாற்றமும் சேர்ந்து உள்ளே போகும், குமட்டிக்கொண்டு வரும். தன் கையால் ஒரு வாய் அள்ளித் தின்ன வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

"அண்ணாச்சி, அந்தத் தைலத்த இந்தக் கைக்கும் போடுங்க" என்று கெஞ்சினாள்.

"போட்டா, எது ஆத்துச்சுன்னு எப்படித் தெரியும்? கூட்டம் முடியட்டும் தாயி" என்றான் பெத்தணன். காளீஸ்வரனோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள் வெளிச்சம் படணும் என்றான்.

"பெரியாஸ்பத்திரிக்காவது போறேன் அயித்தே."

"ஆத்தா குடுத்த வாக்க மீறாதடி" என்று அடக்கினாள் மூக்கம்மாள்.

கூட்டத்தில் பெத்தணன் இடது கையைத் தூக்கிக் காட்டிக் கைதட்டு வாங்கினான். வலது கைப் புண் ஆழம் அதிகம், இரண்டையும் ஒப்பிட்டதே தப்பு என்று காளீஸ்வரன் கத்தினான். அது முதல் நாளே தெரியாதா, படுபாவி! பந்தி போட்டதும் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து பாயாசம் கேட்டார்கள்.

பொன்னுத்தங்கம் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் உட்கார்ந்த மாமியார் ஊட்டத் திரும்புமுன் சாம்பார்ச் சோற்றை இடது கையால் பிசைந்து அள்ளித் தின்றாள்.

"ஏ பிள்ள, பீச்சாங்கையாலயா திங்கிற? அசிங்கம்!"

"ஆறுன கை இதான அயித்தே. இப்பத்தான எல்லாரும் கைதட்டுனீக."

வலது கைக்கட்டைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பெத்தணன் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினான். காளீஸ்வரன் இலையை விட்டு நகர்ந்தான்.

"ஆத்தாவா இத அழுக விடச் சொன்னா, அயித்தே?"

மூக்கம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு தன் இலையை மூடினாள். "எந்திரி தாயி, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

பொன்னுத்தங்கம் எழவில்லை. இலையில் இன்னும் சோறு இருந்தது.