புண்ணைப் பற்றிக் கேட்காத பெண்

பிள்ளைகளே, மெர்போக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஒரு பெண் வந்திருந்தாள். வெயிலில் கறுத்த முகம், சேறு படிந்த சப்பாத்து. மக்களோடு கூடவே இருந்து, அவர்கள் வாழும் விதத்திலிருந்து நோயைப் புரிந்துகொள்ளும் ஆய்வாம். மருத்துவ மானிடவியல் என்று அதற்குப் பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் வெங்காயம் உரித்துக்கொடுத்தபடியே பேசுவாள்.

என் பக்கத்து வீட்டு அண்ணன் வேலையிலிருந்து நின்ற பிறகும், தோட்டம் கொடுத்த வீட்டிலேயே தனியாக இருந்தார். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் சேராவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியும் அவர் அசையவில்லை. பிடிவாதம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்தப் பெண் புண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அண்ணே, நீங்க வார்டுல படுத்துட்டா இந்த வீடு என்னாகும்?" என்றாள்.

அவர் வாசற்கதவைப் பார்த்தபடி சொன்னார்: "பூட்டிக் கெடந்தா தோட்டத்துக்காரங்க எடுத்துக்குவாங்க லா. அப்புறம் நான் எங்க போறது?"

கூட நானும் இருந்தேன். "நான் தினமும் கதவத் தொறந்து விளக்குப் போடுறேன். நீங்க போயிட்டு வாங்கண்ணே," என்றேன். மறுநாளே சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

கால் தப்பி அவர் திரும்பியபோது, ஆய்வு முடிந்து அவள் போய்விட்டிருந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு வீடு எங்க தம்பி? கூட யாரு இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் எல்லார் வீட்டுக் கதையும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் காய்ச்சலில் படுத்தால் யார் போய்க் கேட்பார்கள் என்று சில சாயங்காலங்களில் நினைத்துக்கொள்வேன்.