மாப்பிள்ளையின் கிராங்க் போல்ட்டுக்குக் கெட்டிமேளம்

போல்ட்டை அளவு வைத்து இறுக்கும் டார்க் ரென்ச் வாங்கிய புதிது. காலையில் பிள்ளையார்பாளையத்தில் என் சைக்கிள் கடையைத் திறக்கும்போதே, ஒரு கல்யாண ஊர்வலம் மேளதாளத்தோடு வாசலில் வந்து நின்றது. முன்னால் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. ஒரு கையில் கியர் சைக்கிள், இன்னொரு கையில் அதன் இடது கிராங்க், பெடலைத் தாங்கும் தண்டு, பெடலோடு.

“கழண்டு வந்துடுச்சுக்கா. மண்டபத்துக்கு சைக்கிள்லதான் வருவேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்.”

“முகூர்த்தம் நெருங்கிக்கினு இருக்குது, நடந்து வாடா!” என்று கத்தினார் தாய்மாமன். மாப்பிள்ளை அசையவில்லை.

“போல்ட்டு எங்க?” என்றேன். தாம்பூலத் தட்டை நீட்டினார்கள். வெற்றிலை மேல் பத்திரமாக இருந்தது.

நல்லவேளை, கிராங்க்கின் சதுர ஓட்டை தேயவில்லை. துடைத்து மாட்டி, ரென்ச்சில் நாற்பது நியூட்டன் மீட்டர் வைத்தேன். அந்த இறுக்கம் வந்ததும் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். அதற்கு மேல் இழுத்தால் மரை போய்விடும். மேளச் சத்தத்தில் அது எங்கே கேட்க?

“கொஞ்சம் நிறுத்துங்கண்ணா. ஒரு கிளிக்குக்காகத்தான்.”

“எந்தக் கிளிக்கும்மா?” என்றார் தவில்காரர். “நல்ல காரியத்துல மேளத்த நிறுத்துவாங்களா?”

மாமா அதட்டியதும் நிறுத்தினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன். கிளிக்.

“ஆச்சு!” என்று மாமா சந்தோஷத்தில் கையைத் தூக்கினார். கை தூக்கினால் கெட்டிமேளம் என்று பழகிய தவில்காரர் வெளுத்து வாங்கினார். ஜனமும் பழக்கதோஷத்தில் அட்சதையை வீசியது. என் தலை, கிரீஸ் டப்பா எல்லாம் மஞ்சள் அரிசி.

“போட்டோ மிஸ்ஸாயிடுச்சுக்கா, இன்னொரு கிளிக்!” என்றார் போட்டோகிராபர்.

“ஒரு போல்ட்டுக்கு ஒண்ணுதான்பா” என்று சொல்லிவிட்டு, வலது கிராங்க்கைச் சோதித்தேன். அதுவும் லூசு. மேளம் ஓயவில்லை. அப்படியே ரென்ச்சைப் போட்டு இழுத்தேன். சத்தம் கேட்கவில்லை, ஆனால் பிடி உள்ளங்கையில் சுருக்கென்று ஒரு துள்ளு துள்ளியது.

எதற்கும் இருக்கட்டும் என்று ரென்ச்சோடு மண்டபம் வரை கூடவே போனேன். மாப்பிள்ளை கம்பீரமாக சைக்கிளில் வந்து இறங்கினார். வரவேற்க ஆளில்லை. ஊர்வலத்தில் பின்னால் வந்தவர்கள், கெட்டிமேளம் கேட்டதும் தாலி கட்டியாச்சு என்று எங்களுக்கு முந்தியே மண்டபத்துக்கு வந்து சொல்லிவிட்டார்களாம். மொத்தக் கூட்டமும் பந்தியில் இருந்தது. மேடையில் மாப்பிள்ளை இல்லாமல் உட்கார்ந்திருந்த மணப்பெண், பக்கத்தில் நின்ற தன் அம்மாவைக் கேட்டாள்: “எனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?”

புதிதாக ரென்ச் பிடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளிக் காதில் விழ வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கையிலேயே தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மேளம் அதுபாட்டுக்கு அடிக்கட்டும்.